பூமி பூஜைக்குப் போன கல்

போன வருஷம் மாசி மாதம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம் நடந்தது இது. ஒரு நிறுவனம் கிடங்கு கட்ட அங்கே பொட்டல் நிலம் வாங்கியிருந்தது. நான் தொல்லியல் கள ஆய்வு செய்பவள். கட்டடம் எழும்பும் முன் அங்கே பழைய தடயம் ஏதும் உண்டா என்று பார்க்கப் போனேன்.

போனதுமே நிறுவனத்தின் மேலாளர் ஓர் அறிக்கையை நீட்டினார். செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து, 'எதுவும் இல்லை' என்று யாரோ சென்னையில் உட்கார்ந்தபடியே எழுதியது. படமோ மழைக்காலத்தில் எடுத்தது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும்போது மேலிருந்து என்ன தெரியும்? முள்தான் தெரியும்!

"இன்னா மேடம், சேட்டிலைட்டே ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சு. இந்த வெயில்ல நடந்து பாத்து இன்னா ஆவப் போவுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முள்ளுக்குள் புகுந்துவிட்டேன். துப்பட்டா கிழிந்ததுதான் மிச்சம் என்று நினைத்த நேரத்தில், காலடியில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள். சற்றுத் தள்ளி, பெரிய கற்கள் வட்டமாகப் பதிந்து கிடந்தன. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, சுற்றிக் கல் நட்ட பழங்காலத்து இடம். திங்கட்கிழமை தொல்லியல் துறை அதிகாரியோடு வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். தலையாட்டினார்.

திங்கட்கிழமை போனால் முள்ளும் இல்லை, வட்டமும் இல்லை. ஜேசிபி வழித்துப் போட்டிருந்தது. வாசலில் பூமி பூஜை முடிந்த அடையாளம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து நட்டிருந்தார்களே ஒரு கல், அது அந்த வட்டத்துக் கல்! செத்தவர்களைச் சுற்றி நின்றதைப் பிடுங்கி, அதையே கும்பிட்டுவிட்டு அவர்கள் மேலேயே வண்டியை ஏற்றியிருக்கிறார்கள்.

போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். "இந்த மாதிரி கல்லு ஊரெல்லாம் கெடக்குது மேடம்" என்றார் மேலாளர். மண்ணுக்குள் ஏதாவது மிஞ்சியிருப்பதாகத் தெரியாமல் வேலையை நிறுத்த முடியாது என்று அதிகாரியும் கிளம்பிவிட்டார். ரயிலில் அழுதுகொண்டே திரும்பினேன்.

இரண்டொரு நாளில் ஆரணிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். கல்யாணங்களுக்கு டிரோன் படம் எடுப்பவர். எங்கள் ஆய்வுகளுக்கும் வந்திருக்கிறார்.

"மேடம், வெளம்பர போர்டுக்கு அந்த எடத்த படம் புடிக்கச் சொன்னாங்க. தூசி அடங்க லாரித் தண்ணி அடிச்சிக்கிறாங்க. அது காயற நேரத்துல, மண்ணுல வட்டம் வட்டமா கருப்பா தெரியுது. இன்னான்னு பாருங்க."

பார்த்தேன். அந்தக் காலத்தில் தாழி புதைக்கக் குழி வெட்டி மூடிய மண் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தோடு அதிகாரியை மறுபடி இழுத்துப் போனேன். கருப்பு தெரிந்த இடங்களில் கயிறு கட்டி, கொத்துக்கரண்டியால் மெல்லச் சுரண்டினோம். தாழிகளின் வாய்விளிம்பு தெரிந்தது. சில ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தன. அந்தப் பக்கம் வேலை நின்றது. மேலாளர் அப்போதும், "சேட்டிலைட்ல இது வரலியே" என்கிறார்!

வானத்திலிருந்து எடுத்த படம்தான் மிச்சத்தைக் காப்பாற்றியது, அதை மறுக்கவில்லை. ஆனால் மண்ணில் கால் வைக்காமலே 'எதுவும் இல்லை' என்று எழுதிய அந்தக் கைமேல் எனக்குள்ள கோபம், நொறுங்கிய அந்தத் தாழிகளை நினைக்கும்போதெல்லாம் இன்றும் புதிதாக மூள்கிறது.