கிளட்ச் இல்லாத சிவப்பு வண்டி

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை ஏற்றிவந்த ஆட்டோ வீட்டு வாசலில் நின்றபோது, ஷெட்டில் இருந்த என் காரை யாரோ ஓர் ஆள் சுற்றிச்சுற்றி வந்து கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். குனிந்து அடியில் வேறு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாருங்க அது?" என்று என் கணவரைக் கேட்டேன்.

அவர் காதில் விழாதவர் மாதிரி ஊன்றுகோலை நீட்டினார். "மெதுவா எறங்கு."

"யாருன்னு கேட்டேன்."

"காரைக்குடியிலேருந்து வந்திருக்காரு. சும்மா பாத்துட்டுப் போறேன்னாரு."

சும்மா பார்க்க வருகிறவன் எதற்கு வண்டிக்கு அடியில் டார்ச் அடிக்கிறான்? "எங் காலை எடுத்து இன்னும் பத்து நாளு ஆகலை, அதுக்குள்ள வண்டிய விக்க ஆளக் கூட்டியாந்துட்டீங்களா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். வந்தவர் பாவம், "மன்னிச்சிருங்கம்மா, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முழுக்க நானும் என் கணவரும் பேசிக்கொள்ளவில்லை.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்து, "தெனமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க, புண்ணு கண்டா ஒடனே வாங்க" என்று இருபது வருடத்துக்கு மேல் சொன்ன வாய் இது. எனக்கும் சர்க்கரை உண்டு. செருப்பில் ஏறிய ஆணி இடது பாதத்தைக் குத்திக்கொண்டே இருந்தது இரண்டு நாள் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும், ஸ்டாக் எடுப்பு முடியட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

கார் பதினோரு வருடமாக என்னிடம் இருந்தது. சிவப்பு நிறம், இரண்டு கதவு, இரண்டு சீட்டு, மடக்கி வைக்கிற துணிக்கூரை, உடம்பு முழுக்க பைபர். சில வருடங்கள் மட்டும் செய்து நிறுத்திவிட்ட வண்டி. துபாயிலிருந்து வந்த ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, பிள்ளைகள் பிறந்ததும் உட்கார இடம் போதாமல் என்னிடம் தள்ளிவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, இரண்டு சீட்டு தாராளம். கூரையைத் திறந்துவிட்டு, காற்றுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் வேலைக்குப் போனால், "மருந்தம்மா ஊர்வலம் கெளம்பிருச்சு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றவர். எங்கே போனாலும் நான்தான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

செயற்கைக் கால் வந்தது. நடக்கப் பழகினேன். ஆனால் கிளட்ச் பிடிபடவில்லை. மிதித்தால் எவ்வளவு மிதித்தேன் என்றே தெரியாது, எடுக்கும்போதும் தெரியாது. ஷெட்டிலேயே மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை வண்டி குதித்துப் போய்ச் சுவரில் முட்டியது.

"ஆட்டோமேட்டிக் வண்டி எத்தனையோ விக்குது. புதுசா ஒண்ணு எடுத்துக்குவோம். இல்லாட்டி டிரைவர் வச்சுக்குவோம். ஏன் ஒத்தக் கால்ல நிக்கிற?" என்றார் என் கணவர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்து, முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் நான் விடவில்லை. எங்கேயாவது போய்ச் சேர்வது எனக்குப் பெரிதில்லை, நானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும், அதுவும் இந்த வண்டியை. காலை எடுக்கும்போது கையெழுத்துக் கேட்டார்கள், வேறு வழியில்லாமல் போட்டேன். வண்டிக்கும் சேர்த்துப் போட எனக்கு மனசில்லை.

கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றின் எஞ்சினை அதன் கியர் பெட்டியோடு தூக்கி இந்த வண்டிக்குள் வைத்துவிட்டால் என்ன? புதுக்கோட்டையில் நாலைந்து பட்டறைகளில் கேட்டேன். ஒருத்தர், "எஞ்சினை மாத்துறதும் தலைய மாத்துறதும் ஒண்ணும்மா" என்றார். இன்னொருத்தர் காரைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. கடைசியில் மருந்து வாங்க வந்த ஒரு மீனவப் பெண்தான், "மணமேல்குடியில எங்க போட்டுக்கெல்லாம் லாரி எஞ்சினை ஏத்துற ஆளு ஒருத்தர் இருக்காரு, அவர்ட்ட கேளுங்களேன்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கடலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. மரக்கட்டைகளின் மேல் ஒரு பழைய லாரி எஞ்சின் படகுக்காகக் காத்திருந்தது. நாற்பது வயது இருக்கும் அவருக்கு. டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருந்த காரை ஒரு தடவை சுற்றி வந்தார், கதவைத் தட்டிப் பார்த்தார்.

"பைபருல்ல இது? போட்டு மாதிரியே. எங்க ஆளுக தெனமும் பாக்குற வேலைக்கா."

"எஞ்சினு?"

"எஞ்சினுக்கு என்னக்கா தெரியும், தரையில போறமா தண்ணியில போறமான்னு? தூக்கி வச்சு, நேராக் கட்டி, சுத்துறதைச் சக்கரத்துக்குக் குடுத்துட்டா முடிஞ்சுச்சு."

அந்த மனிதரை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போய்விட்டது. கார் என்று பார்த்தால் ஒருவரும் தொட மாட்டேன் என்கிறார்கள், படகு என்று பார்த்தால் ஒரு கரை முழுக்கத் தெரிந்த வேலை.

எஞ்சினை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் அனுமதி வாங்கினேன். பின்பக்கம் நொறுங்கிப்போன ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் காரை முறையான காகிதங்களோடு திருச்சியில் பிடித்தோம். அதன் எஞ்சின் மணமேல்குடிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அறந்தாங்கி வழியாக நானும் என் கணவரும் பஸ்ஸில் போவோம். மழைத் தண்ணீரும் பழைய சேறும் தின்றதில் சேஸிஸ் முழுக்கத் துரு. மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால் நானே சுரண்டினேன். துருவைச் சுரண்டுவதற்குக் கால் எதற்கு? இற்றுப்போன இடங்களை வெட்டியெடுத்துப் புது இரும்பு வைத்து வெல்டு அடித்தார் அவர்.

ஒன்றும் சுலபமாக நடக்கவில்லை. புது எஞ்சின் உயரம், பானெட் மூட மறுத்தது. படகு செய்கிறவர்கள் வந்து பானெட்டை அறுத்து, பைபரில் ஒரு திமில் வைத்துக் கொடுத்தார்கள். சக்கரத்துக்குப் போகிற தண்டு ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. அதைச் சாக்கில் சுற்றி புதுக்கோட்டை லேத்துப் பட்டறைக்கும் மணமேல்குடிக்கும் பஸ்ஸில் மூன்று தடவை தூக்கிக்கொண்டு அலைந்தது என் கணவர். "விக்கிறதுக்கு ஆளக் கூட்டியாந்த மனுசனா இது?" என்று கேட்டேன். "நீ வாய மூடிட்டு வேலையப் பாரு" என்றார்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் எஞ்சின் கிளம்பியது. நான்தான் சீட்டில் இருந்தேன். இரண்டே பெடல். வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்ததும் வண்டி தானாக நகர்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினம் வரை போய் வந்தோம், எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. ஒரேயடியாகத் தேறிவிட்டோம் என்று நினைத்தேன்.

போக்குவரத்து அலுவலக ஆய்வுக்கு வண்டியோடு என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். எஞ்சின் மாற்றியதை ஆய்வாளர் பார்க்க வேண்டும், இந்த வண்டியை நான் ஓட்டிக் காட்டினால்தான் என் லைசென்ஸும் நிலைக்கும். இரண்டில் ஒன்று தவறினாலும் நான் ஓட்டுவது அதோடு முடிந்தது. புதுக்கோட்டை ஆய்வு மைதானத்தில் எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டிகள். நல்ல வெயில், காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. வரிசை நகர நகர நானும் எஞ்சினை ஓடவிட்டே நகர்ந்தேன். ஐந்தாவது வண்டி முடிவதற்குள் முள் உச்சிக்குப் போய்விட்டது. திமிலைச் சுற்றிப் புஸ்ஸென்று ஆவி, கீழே பச்சைத் தண்ணீர். எல்லோரும் கூடிவிட்டார்கள். ஆய்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறுன பொறவு எடுத்துட்டுப் போங்க மேடம். சரி பண்ணிட்டு வாங்க" என்றார்.

கூட வந்திருந்த மணமேல்குடிக்காரர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"காத்தாடி வைக்கலைக்கா."

"என்னது?"

"பழைய ரேடியேட்டருக்கும் இந்த எஞ்சினுக்கும் நடுவுல எடமில்லை. ஓடுற வண்டிக்குத் தானா காத்து வருமே, காத்தாடி எதுக்குன்னு விட்டுட்டேன். போட்டுல கடத்தண்ணி எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். நின்னாலும் சுடாது. அந்த நெனப்புலயே இருந்துட்டேன்."

"கடல்ல வரிசையில நிக்க வேணாம் தம்பி, இங்க நிக்கணும்!" என்று கத்தினேன். கத்திவிட்டு நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் ஒரு சாக்குப்போக்கும் சொல்லவில்லை. "எந் தப்புத்தான்க்கா. ஒரு வாரம் குடுங்க" என்றார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இதோடு விட்டுவிடு என்று சொல்லப்போகிறார் என நினைத்து முறைத்தேன். "டெம்போவுக்குச் சொல்லவான்னுதான் கேக்க வந்தேன்" என்றார்.

மெல்லிசாக ஒரு மின்விசிறியைத் தேடிப் பிடித்து, ரேடியேட்டருக்கு முன்பக்கமாக வைத்து, காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி மாட்டினார் அவர். நடு மத்தியானத்தில் காரைக் கொட்டகைக்கு வெளியே மணலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் எனக்குக் குடை பிடித்தார். முள் ஏறும், காத்தாடி சுற்றும், முள் இறங்கும். நான் போதும் என்று சொல்லும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் தடவை வரிசையில் பன்னிரண்டு வண்டிகள் இருந்தன. முள் பாதியைத் தாண்டவில்லை. ஆய்வாளர் எஞ்சின் எண்ணை ஒப்பிட்டார், அடியில் வெல்டுகளைப் பார்த்தார், திமிலைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் முடிந்து என் பக்கம் வந்தவர் குனிந்து பெடலைப் பார்த்தார்.

"வண்டி சரிதான் மேடம். ஆனா அந்த இடது காலு நழுவி பிரேக்குக்கு அடியில சிக்குச்சுன்னா ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நியாயமான கேள்விதான். இவ்வளவு தூரம் வந்து இதிலா? பிறகு கதவைத் திறந்து, சேலையை முழங்காலுக்குத் தூக்கி, பட்டைகளைக் கழற்றி, ஷூவோடு சேர்த்து அந்தக் காலை எடுத்து என் கணவரிடம் நீட்டினேன்.

"பிடிங்க."

பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இப்ப எதுங்க சார் சிக்கும்?" என்றேன்.

ஆய்வாளர் சுற்றி வந்து பக்கத்துச் சீட்டில் ஏறி, பெல்ட்டைப் போட்டார். முன்னால் போனேன், வளைத்தேன், பின்னால் வந்தேன், மேட்டில் நிறுத்தி எடுத்தேன். இறங்கி, பேப்பரை பானெட் திமிலின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஓட்டும்போது கழட்டியே வச்சுக்கங்க. போயிட்டு வாங்க மேடம்."

மணமேல்குடிக்காரர் விசில் அடித்தார். நான் கூரையை மடக்கிவிட்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். கேட் திறந்திருந்தது. வெளியே போய் உடனே திரும்பிவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. ஆனால் ரோடு காலியாக இருந்தது. அன்னவாசல் போனது தெரியும், ஆட்டுக்கு ஒதுங்கியது தெரியும், ஹாரன் அடித்த பஸ்காரனைத் திட்டியது தெரியும். இருபது கிலோமீட்டர் தாண்டி, குடுமியான்மலையில் மலை தெரிந்ததும்தான் நிறுத்தினேன்.

"ஒரு டீ குடுங்கண்ணே, சீனி இல்லாம" என்று கடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இறங்கக் கதவைத் திறந்து, வலது காலை ஊன்றி, இடது காலையும் தூக்கி வெளியே வைத்தேன். சேலைக் கரை மட்டும் தரையைத் தொட்டது.

கால் இல்லை. அது இல்லை என்பதை நான் மறந்திருக்கிறேன்! தூங்கி எழும் ஒவ்வொரு காலையும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அன்றைக்கு மைதானத்திலிருந்து அந்த டீக்கடை வரைக்கும் ஒரு தடவைகூட அது என் நினைவில் இல்லை. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி நிற்க, நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். கைபேசி அடித்தது. என் கணவர்.

"எங்க இருக்க?"

"குடுமியான்மலையில."

"என்னத்துக்கு அங்கிட்டுப் போன? ஒங் காலு எங்கிட்ட இருக்கு. எறங்கிறாத. பஸ்ஸு வருது, எடுத்துட்டு வாரேன்."

"நீங்க ஒண்ணும் வர வேணாம்" என்றேன். "அங்கனயே நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."