கருமாதியில் படித்த பாட்டு

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தைக் கொடுத்து, ஆசிரியர் இதை எழுதியதன் நோக்கம் என்ன என்று கேட்டாலும், "நல்லொழுக்கத்தை வலியுறுத்துவதே" என்று எழுதி மார்க் வாங்கிவிடுவேன். எழுதுகிறவன் எல்லாம் யோக்கியன் என்று நம்பிக்கொண்டிருந்த வயசு. அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவர் என் அக்கா புருஷன்.

அக்காவை மானாம்பதியில் கொடுத்திருந்தோம். எழுபதுகளின் கடைசியில் ஒரு அறுவடைச் சமயம், வயிற்றுவலியில் துடித்தவளைக் காஞ்சிபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாமாவுக்கு நேரமில்லை. "நெல்லு களத்துல கீது, அடிச்சிட்டுப் போலாம்" என்றாராம். நெல் வீடு வந்து சேர்ந்தது. அக்கா போய்ச் சேர்ந்தாள். தவழ்ந்துகொண்டிருந்த பெண்குழந்தையை எங்கள் அம்மா தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்போதெல்லாம் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் கருமாதிக்கு இரங்கற்பா அச்சடித்துக் கொடுப்பார்கள். மாமாவும் உத்திரமேரூர் பிரஸ்ஸில் கறுப்புக் கட்டம் போட்டு அடித்துக்கொண்டு வந்திருந்தார். தானே எழுதியது என்று அடியில் பேர் வேறு. பந்தலில் நின்று அவரே படித்தார். உயிரோடு இருந்தவரைக்கும் "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன், கண்ணே என்றார், குலவிளக்கே என்றார். பொம்பளைகள் மூக்கைச் சிந்தினார்கள். நானும் விக்கி விக்கி அழுதேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கடைசிப் பாட்டில், குழந்தை தாய்முகம் தேடி அழுகிறதாம். அந்த முகத்தை இனி உன் தங்கையிடம்தான் காணவேண்டுமாம். அதைப் படிக்கும்போது அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பந்தலே திரும்பி என்னைப் பார்த்தது. அக்கா போனால் தங்கையைக் கொடுப்பது எங்களில் நடக்கிறதுதான். நேராக வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு அருவருத்திருக்க மாட்டேன். செத்தவளை அழைத்து வந்து தனக்குப் பெண் கேட்க வைத்தாரே, சீ!

ஜனங்கள் சாப்பிட்டுப் போனதும் நைனா அந்தத் தாளோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அவுரு மனசுல எம்மாம் பாசம் கீது பாத்தியாம்மா? எய்த எய்த அயுதிருப்பாரு போல. கொயந்தைக்கும் ஒரு வயி பொறக்கும். இன்னா சொல்றே?"

"அக்கா வலி தாங்காம கத்திக்கினு கெடந்துச்சே நைனா, அப்ப எங்க போச்சி இந்தப் பாசம்? இது அக்காவுக்கு எய்தினது இல்ல. எனுக்கும் உனுக்கும் எய்தினது. கொயந்தைய நான் வளக்கறேன். அந்தாளு வாணாம்."

நைனா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். மறுநாள், பெண் சம்மதிக்கவில்லை என்று மானாம்பதிக்குச் சொல்லியனுப்பினார்.

அந்த ஆவணியிலேயே மாமா வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். தாய்முகம் தேடி அழுத குழந்தை எங்களோடுதான் வளர்ந்தாள். அவள் வயசுக்கு வந்து மஞ்சள்நீர் சுற்றியபோது, அப்பன்காரன் ஆயிற்றே என்று ஆள் விட்டோம். அன்றைக்கும் அவர் வரவில்லை.