கடைசி வீட்டுக்கு முதல் காற்று

எங்கள் ஊரில் சில வருடங்கள் காற்றை முறை வைத்துப் பங்கு பிரித்தார்கள். பிரித்தவர் என் அப்பா. அதனால் எனக்கு ஏற்பட்ட மனத்தாங்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

யுத்தகாலத்தில் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்த எங்களுக்குக் கரண்டு என்பது அக்கரையில் மட்டக்களப்பு நகரத்தில் தெரிகிற வெளிச்சம், அவ்வளவுதான். ஒரு சோடி டோர்ச் பற்றறி கொண்டுவந்தாலே சோதனைச் சாவடியில் ஆயிரம் கேள்வி. செத்த பற்றறிகளை மிளகாயோடு சேர்த்து வெயிலில் காயப்போடுவோம். அதில் வருகிற கொஞ்ச உயிரில் செய்தித் தலைப்புகளை மட்டும் கேட்டுவிட்டு றேடியோவை மூடிவிடுவோம்.

அக்காவின் புருஷன், என் அத்தான், சும்மா இருக்கத் தெரியாத மனிதர். பழுதாய்ப்போன உழவு மெசினில் இருந்து டைனமோவைக் கழற்றினார். எண்ணெய்ப் பீப்பாத் தகட்டில் மூன்று இறக்கை வெட்டினார். எங்கள் வீட்டு வளவில் உயரமாக ஒரு கம்பம் நட்டார். பின்னால் வயல், முன்னால் வாவி, இடையில் காற்றை மறைக்க ஒரு மரமில்லை. மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிய அன்று இறக்கைகள் கடகடவென்று சுற்ற, கீழே வைத்த பழைய வாகனப் பற்றறியில் உயிர் ஏறியது. ஊரே வந்து பார்த்தது.

நான் கணக்குப் போட்டேன். வளவு எங்களுடையது, கம்பம் எங்களுடையது, அத்தானும் எங்களுடையவர். அப்படியானால் முதல் பங்கு யாருக்கு?

"கடைசி வீட்டுக்கு" என்றார் அப்பா.

அப்பா வட்டவிதானை. குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறைப்படி பிரித்துவிடுவதற்காக விவசாயிகள் தெரிவு செய்கிற ஆள். எங்கள் வயல் வட்டையில் தண்ணீர் முறை கடைசி வயலில் இருந்துதான் தொடங்கும். மேலே இருப்பவன் எப்படியும் குடித்துக்கொள்வான், கீழே இருப்பவன்தான் காய்ந்து போவான் என்பது கணக்கு. அதே கணக்கை அப்பா காற்றுக்கும் போட்டார். ஊரை ஏழு பங்காக்கி, பங்குக்கு ஒரு நாள் கொடுத்தார். ஒவ்வொரு பங்கும் எங்கிருந்தோ ஒரு பழைய பற்றறி தேடிக்கொண்டது. ஊர்க்கோடி வீடுகளுக்கு முதல் நாள். கம்பத்தடியில் இருக்கிற எங்களுக்கு ஏழாம் நாள்.

"காத்து உன்ட வளவுக்குள்ளயா பிறக்குது?" என்று என்னிடம் கேட்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்பாவுக்குத் தண்ணீரைத் தெரியும், காற்றைத் தெரியாது. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து நாள் குறிக்கலாம். வானத்தில் எதைப் பார்ப்பது? ஒரு பங்குக்காரரின் நாளில் இறக்கை அசையவே இல்லை. மறுநாள் கூரை பறக்கிற காற்று. "எங்கட காத்த நேத்து ஆரோ மறிச்சுப்போட்டாங்க" என்று அவர்கள் முறைப்பாடு கொண்டு வந்தார்கள். ஊர்க்கோடியில் இருந்த மாமி ஒருபடி மேலே போனார். "வட்டவிதானைர நாளெண்டா மட்டும் நல்லா அடிக்குது, என்ன கா?" என்று என்னிடமே கேட்டுவிட்டார். நானும் விடவில்லை. கிணற்றடியில் இருவரும் நன்றாகவே சண்டை பிடித்தோம்.

அந்த நேரம்தான் அண்ணனின் கசெற் வந்தது. அரபு நாட்டில் கட்டட வேலை செய்த அண்ணன் பல மாதமாகக் கடிதம் போடவில்லை. இப்போது அவர் குரலைப் பதிந்த கசெற். ஆனால் உறையில் இருந்த விலாசம் வேறு யாரோ எழுதியது.

"எழுத்து அவன்ட இல்ல" என்றார் அம்மா. கசெற்றை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

முந்தின நாள் எங்கள் முறையில் காற்றில்லாமல் எங்கள் பற்றறி செத்துக் கிடந்தது. அன்று ஊர்க்கோடியின் முறை. நல்ல காற்று. ஒரு மணித்தியாலம் மட்டும் எங்கள் பற்றறியைக் கொழுவலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "முறை முறைதான்" என்றார். சைக்கிள் டைனமோவை மிதித்துப் போடலாமா என்று அத்தான் கேட்டார். கால் களைத்தால் குரலும் இழுபடும், நாடாவும் சிக்கும் என்று அம்மா சம்மதிக்கவில்லை. அப்பாவைப் போல ஒரு கல்நெஞ்சன் உலகத்தில் இல்லை என்று அந்த வாரம் முழுக்க நினைத்தேன்.

ஏழாம் நாள் வந்தது. காற்று இல்லை. வாவி கண்ணாடி போலக் கிடந்தது. மத்தியானம் வரை நாங்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்ததுதான் மிச்சம்.

பின்னேரம் ஊர்க்கோடி மாமி தங்கள் பங்குப் பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். கசெற் வந்த கதை அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. பற்றறியில் உயிர் மிஞ்ச வேண்டுமென்று அந்த வாரம் ஊர்க்கோடி வீடுகள் ஒன்றிலும் றேடியோ போடவே இல்லையாம்.

அப்பா எழும்பினார். "அது உங்கட முறைல வந்தது. எங்களுக்கு வேணாம்."

"என்ட வரவைக்குள்ள வந்த தண்ணிய நான் வரம்ப வெட்டிப் பக்கத்து வரவைக்கு விட்டா, வட்டவிதானை மறிக்க ஏலுமா?" என்றார் மாமி.

அதற்குச் சட்டம் இல்லை. தன் வயலுக்குள் வந்துவிட்ட தண்ணீர் அவரவர் விருப்பம். அப்பா உட்கார்ந்துவிட்டார்.

அத்தான் கசெற் போடுகிற றேடியோவுக்குக் கம்பியைக் கொழுவினார். கொஞ்சம் இரைச்சல், பிறகு அண்ணன். "அம்மா, பயப்பிடாதீங்க. கட்டடச் சாரத்தில இருந்து விழுந்து வலது கை முறிஞ்சு போச்சு, அதான் எழுத ஏலல. இப்ப சுகம். சோறு அள்ளித் தின்னுறன்." அம்மா அழுதார். மாமியும் அழுதார். நானும்தான். சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்பா முகத்தைத் துண்டால் மூடியபடி இருந்தார். "ஒரு நாள் முறைய மாத்தியிருந்தா அண்டைக்கே கேட்டிருக்கலாமே, அப்பா" என்றேன்.

"மாத்தியிருக்கலாம்" என்றார். "கேக்காம இருந்த வரைக்கும் எனக்கு அவன் சுகமா இருந்தான், புள்ள."

அம்மா கசெற்றை முதலில் இருந்து மறுபடி போடச் சொன்னார்.