எடுத்துக் கொடுக்காத சொல்

மேடையில் மௌனம் என்பது மதிப்பெண் இழப்பு. பள்ளி நாள்களிலேயே எனக்குப் பயிற்றுவிக்கப்பட்ட முதல் பாடம் அது. எதிரணியினர் மூச்சு வாங்கும் இடத்தில் நம் வாதம் நுழைந்துவிட வேண்டும். நம் அணியில் ஒருவர் சொல் மறந்து திணறினால், பின்னால் அமர்ந்திருப்பவர் அவையினர் அறியாதபடி அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்படி எடுத்துக் கொடுப்பதில் எங்கள் வட்டாரக் கல்லூரிகளில் எனக்கு இணையானவர் எவரும் இருந்ததில்லை. தன்னடக்கம் கருதி அதை நான் மறைக்கப் போவதில்லை. அணியினரின் உதடு பிரியும்போதே அவர்கள் தேடும் சொல் எனக்குத் தெரிந்துவிடும்.

என் தோழிக்கு இந்தக் கலை வாய்க்கவே இல்லை. செஞ்சியில் பந்தலும் நாற்காலியும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விடும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண் அவள். கல்லூரிப் பட்டிமன்றங்களில் எப்போதும் எனக்கு எதிரணி, எப்போதும் தோற்பாள். நான் முழங்கும்போது கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். மறுத்துரைக்க எழுந்ததும், "அவ கடைசியா சொன்னது எனக்கும் சரின்னுதான் தோணுது" என்று தொடங்குவாள். அவளுடைய அணியினர் தலையில் அடித்துக்கொள்வார்கள். இப்போது அவள் ஊர்ச் செய்திகளுக்கென ஒரு சிறிய காணொளித் தளம் நடத்துகிறாள். பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுபவரும் கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரரும் அவளுடைய கைப்பேசியின் முன் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். என்ன மாயம் செய்கிறாள் என்று நேரில் பார்க்கும் வாய்ப்பு ஒரு பிற்பகலில் அமைந்தது.

மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் அக்கா ஒருவர் அவளை அழைத்திருந்தார். கோட்டை அடிவாரத்தில் வெயிலில் மயங்கிக் கிடந்த ஒரு முதியவரைச் சில நாள்களுக்கு முன் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். உடல் தேறிவிட்டது, நினைவு தேறவில்லை. பெயரையே நாளுக்கு ஒன்றாகச் சொன்னார். தேடி எவரும் வரவில்லை. அன்று மாலை வெளியூர்க் காப்பகம் ஒன்றிலிருந்து வண்டி வரவிருந்தது.

"அங்க நல்லாத்தான் பாத்துப்பாங்க. ஆனா அவ்ளோ தூரம் போயிட்டாருன்னா, அவரத் தேடுறவங்க எங்கன்னு போய்த் தேடுவாங்க? வண்டி வர்றதுக்குள்ள ஒரு வீடியோ எடுத்துப் போட்டுடு கண்ணு" என்றார் அக்கா.

கேள்வி கேட்கத் தெளிவான குரல் ஒன்று வேண்டுமல்லவா என்று நானாகவே உடன் சென்றேன். தோழி சிரித்தாள். "வாடி நாவரசி."

முதியவர் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில், காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் எங்களைக் கண்டதும் தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வசதியாக நிமிர்ந்தார். தோழி கைப்பேசியைத் தாங்கியில் பொருத்திப் பதிவைத் தொடங்கினாள். நான் குரலைச் சரிசெய்தேன்.

"ஐயா, தாங்கள் எந்த ஊரைச் சேர்ந்தவர்?"

"பாப்பா, கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்காத. மனுசன் பயந்துடப் போறாரு" என்றார் மாவுக்கட்டுக்காரர்.

முதியவர் என்னைப் பார்த்தார். "ஊரு... ஊரு வந்து..." உதடு பிரிந்தது, சொல் வரவில்லை. அந்தக் காட்சி எனக்கு எத்தனையோ மேடைகளில் பழகியது. என்னையறியாமல் என் நா முந்திக்கொண்டது.

"ஆரணியா?"

"ஆமா."

"பட்டு நெசவா?"

"ஆமாம்மா."

வெற்றியோடு திரும்பினேன். மாவுக்கட்டுக்காரர் கட்டில் அதிரச் சிரித்துக்கொண்டிருந்தார். "போளூரான்னு கேட்டுப் பாரு, அதுக்கும் ஆமாம்பாரு. நேத்து, உம் பொண்ண எம் மச்சானுக்குக் கட்டிக் குடுக்குறியான்னு கேட்டேன். சரின்னுட்டாரு. எம் மச்சானுக்கு ரெண்டு புள்ள இருக்குது!"

தோழி சிரிக்கவில்லை. எடுத்த பதிவை அழித்தாள். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். "இது வெளியே போச்சுன்னா ஆரணிக்காரங்கதான் தேடிக்கினு இருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவருக்கு எதிரே அமராமல் அதே கட்டிலில் அவர் பக்கத்திலேயே அமர்ந்தாள். இருவரும் ஒரே பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல ஒரே சன்னலைப் பார்த்தார்கள்.

அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் நான் ஒரு முன்னுரையே நிகழ்த்தி முடித்திருப்பேன். முதியவரின் வலக்கை கட்டிலின் இரும்புச் சட்டத்தை மேலிருந்து கீழாக மெல்லத் தடவிக்கொண்டே இருந்தது. தோழி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குத் தண்ணி வெக்கணும்" என்றார் அவர் திடீரென்று.

கடந்து சென்ற அக்கா பழகிய குரலில், "வெச்சாச்சு, வெச்சாச்சு" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "வந்ததுலேர்ந்து இதேதான். வீட்டுல மாடு இருக்குது போல. மாடான்னு கேட்டேன், ஆமான்னாரு" என்று விளக்கினார். மாடு இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. ஆகவே யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

தோழி கேட்டாள். "எதுக்குத் தண்ணி வெக்கணும்?"

அவர் நெற்றி சுருங்கியது. கை நின்றது. உதடு பிரிந்தது, மூடியது. அந்த வேளை பார்த்துக் காப்பகத்து வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்து, "கெளம்பலாமாக்கா?" என்றார். அக்கா கைகளைப் பிசைந்தார். என் நாவில் சொற்கள் வரிசை கட்டி நின்றன: கன்றா, ஆடா, செடியா. வாய் திறந்தேன். தோழி திரும்பிக்கூடப் பார்க்காமல் என் முழங்கையைப் பற்றினாள். மறு கையை ஓட்டுநரை நோக்கி உயர்த்தினாள், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல. ஆனால் அவள் முகத்தில் பதற்றத்தின் சாயல்கூட இல்லை. நேரம் அனைத்தும் அவருக்கே உரியது என்று எழுதிக் கொடுத்துவிட்டவளைப் போல அமர்ந்திருந்தாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மேடையில் நான் எடுத்துக் கொடுத்த சொற்கள் ஒருமுறைகூடப் பிழையானதில்லை. காரணம், அணியினரின் உரைகளை எழுதித் தருபவளும் நானே. இந்த மனிதரின் உரையை நான் எழுதவில்லை.

"குதிரைக்கு" என்றார் அவர்.

மாவுக்கட்டுக்காரர் களிப்படைந்தார். "பாத்தியா! கோட்டைக்குப் போனாரு, ராஜா குதிரைய மோசம் பண்ணி ஓட்டிக்கினு வந்துட்டாரு!" செஞ்சியில் பிறந்த எவருக்கும் குதிரை என்றதும் கோட்டைதான் கண்முன் நிற்கும். தலைப்பைக் கொடுத்தால் நானே அரைமணி நேரம் பேசுவேன். அக்காகூட உச்சுக்கொட்டினார், பாவம், கற்பனையில் இருக்கிறார் என்று.

தோழி அந்தச் சொல்லை வியக்கவும் இல்லை, ஐயுறவும் இல்லை. தக்காளி என்று அவர் சொல்லியிருந்தாலும் அதே முகம்தான். "குதிரைல ஆரு ஏறுவாங்க?"

மறுபடியும் மௌனம். இம்முறை அது அத்தனை நீளவில்லை. "மாப்புள்ள" என்றார். தானாகவே தொடர்ந்தார். "வெள்ளக்குதிர. பூவெல்லாம் போட்டு... வெடி வெச்சா மெரளும். ரயிலுக்கு மெரளாது. பழகிடிச்சு. பாலத்துக்குக் கீழதான கட்டிவெக்கிறோம்."

அவள் மெல்ல எழுந்தாள். பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, தன் தந்தையை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அத்தா, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை எங்கேர்ந்து சொல்லுவீங்க?"

"ஏம்மா, ஆருக்கு நிச்சயம் ஆயிருக்குது? என்கிட்ட சொல்லவே இல்ல?"

"ஆருக்கும் இல்லத்தா. வெள்ளக்குதிரை. ரயில் பாலத்துக்குக் கீழ கட்டி வெச்சிருப்பாங்களாம்."

"திண்டிவனத்துல ஒருத்தர் வெச்சிருக்காரு. நம்ம ஊருக்கே எத்தினியோ வாட்டி ஓட்டிக்கினு வந்திருக்காரே. பையன் நம்பர் இருக்குது, அனுப்பட்டா?"

அந்த எண்ணை அழைத்தபோது மறுமுனையில் ஒரே வாகன இரைச்சல். தோழி முதியவரின் அடையாளங்களைச் சொல்லத் தொடங்கி முடிக்கவில்லை. "நைனாவா? நைனா அங்க இருக்குதா?" என்று ஓர் ஆண்குரல் உடைந்தது. தந்தை தம் மகள் வீட்டைத் தேடிச் சென்னைக்குப் போயிருப்பார் என்று எண்ணி அவர்கள் அங்கே தேடிக்கொண்டிருந்தார்களாம். தற்செயலாக அன்று காலைதான் மகன் குதிரையைப் பார்க்க ஊர் திரும்பியிருந்தார்.

காப்பகத்து ஓட்டுநர், "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பவில்லை. கடைசி வரை பார்த்துவிட்டுப் போவதாக ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். "வீடியோவுல இதெல்லாம் வந்துச்சா?" என்றார் அக்கா ஆவலோடு. பையைத் தட்டிக் காட்டினாள் தோழி. "எடுக்கவே இல்லக்கா. ஆள்தான் கெடைச்சாச்சே." இப்படி ஓர் உரையாடலை நடத்தியிருந்தால் நான் ஊரெங்கும் ஒலிக்கச் செய்திருப்பேன். அவளை நான் மேடையில் எத்தனை முறை வென்றேன் என்பது எனக்கு மனப்பாடம். அன்று அந்தக் கணக்கைச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்தபோது மகன் வந்து சேர்ந்தார். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து அப்படியே கட்டிலருகே நின்றார். சட்டையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. முதியவர் அவர் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பெயர் வரவில்லை. எங்களில் ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, மாவுக்கட்டுக்காரர்கூட.

"தண்ணி வெச்சியா?" என்று கேட்டார் முதியவர்.

"வெச்சேன் நைனா. குடிக்க மாட்டேங்குது. நீ வா."

அவர் கட்டிலிலிருந்து இறங்கி, குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார்.