இத்தா வீட்டுப் பூசணிப்பூ

சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்கள். ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மாக் கையோடு வேலிப் பக்கம் ஓடினேன். பக்கத்து வளவு ஆசியா ராத்தா ஆஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டார். மூன்று நாளில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பூக்கறிகளையும் தெரிந்திருக்கும். அகத்திப்பூவின் நடு நரம்பை உருவிவிட்டுச் சுண்டுவார். முருங்கைப்பூவை முட்டையோடு வறுப்பார். பூசணிப்பூவை அரிந்து மாசிக் கருவாடும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சுண்டி இறக்கி, கடைசியில் தேசிக்காய் பிழிவார். "பிஞ்சு இரிக்கிற பூவத் தொடாத புள்ள. ஆண் பூவிலயும் ரெண்ட வண்டுக்கு உட்டுடு" என்பார். நான் அவசரக்காரி. ஒருமுறை பிஞ்சோடு சேர்த்து ஆய்ந்துவிட்டேன். அந்த வருடம் எங்கள் கொடியில் ஒரு காய்கூட இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தார்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு.

எங்கள் ஊரைச் சூறாவளி அடித்ததற்கு மறு வருடம் அவருடைய கணவர் வயலில் பாம்பு கடித்து இறந்தார். ராத்தா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் படலை தாண்டுவதில்லை, வாசனை பூசுவதில்லை, பூச் சூடுவதில்லை. வீட்டில் நெல் இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் கறிக்குத்தான் வழியில்லை. கூடப்பிறந்த தம்பி பொத்துவிலில் கடல் தொழிலில் நின்றார். யாரிடமும் வாய் திறந்து கேட்கிற ஆளில்லை ராத்தா. தென்னைகள் விழுந்த வளவில் வெயில் கொட்டியது. அந்த வெயிலுக்குப் பூசணிக் கொடி மட்டும் மதாளித்துப் படர்ந்திருந்தது.

எங்கள் வேலி அப்போது அரைகுறையாகத்தான் கட்டியிருந்தது. ஒரு காலையில், வெள்ளை உடுத்த ராத்தா மஞ்சள் பூக்களை முந்தானையில் ஆய்ந்து சேர்ப்பதைப் பார்த்தேன். என் வாய்க்கு அந்த வயதில் பூட்டு இருந்ததில்லை. கிணற்றடியில் நின்ற இரண்டு பேரிடம், "ஆசியா ராத்தா இத்தாவில இரிந்துக்கிட்டு பூ ஆயிறா" என்றேன். என்ன பூ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதையில் சுவை இருந்திருக்காது.

பின்னேரம் அசர் தொழுகைக்குள் மூன்று பெண்கள் விசாரிக்க வந்துவிட்டார்கள். நானும் வேலியோரம் போய் நின்றேன். ராத்தா சத்தம் போடவில்லை. சட்டி மூடியைத் திறந்து காட்டினார்.

"தலையில வெச்சாத்தான் சோடினை. இது கறி. பசிச்ச புள்ளயளுக்கு ஆக்கினது. பாத்துட்டுப் போங்க."

அவர்கள் தலை குனிந்து போனபின் என்னைக் கூப்பிட்டு, ஒரு கோப்பையில் அந்தப் பூச்சுண்டலைத் தந்தார். தின்றேன். அப்போதுதான் கேட்டார்:

"ஆரு புள்ள இதச் சொல்லித் திரிஞ்சது?"

"தெரியா ராத்தா."

வாய் நிறைய அவர் ஆக்கிய கறியோடு அதைச் சொன்னேன். அவர் பின் வளவைத் திரும்பிப் பார்த்தார். அங்கேதான் அவருடைய கணவரின் மூத்த சகோதரி சுபைதா மாமி இருக்கிறார்; அங்கிருந்து பார்த்தாலும் கொடி தெரியும். "ஓம். விளங்கிட்டு" என்றார் ராத்தா. அவ்வளவுதான்.

அன்றோடு ராத்தாவுக்கும் மாமிக்கும் பேச்சு நின்றது. பத்து வருடம். நோன்புக் கஞ்சி, பெருநாள் பலகாரம் எல்லாம் என் வீட்டுக்கு வந்தன. மாமி வீட்டுக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வேலிவரை போயிருக்கிறேன். ராத்தாவின் சிரித்த முகத்தை இழக்கப் பயந்து, வேறு எதையாவது கதைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

ஜனாஸாவை எடுக்குமுன் மாமி வந்தார். மையித்தின் காலடியில் குந்தி, "நான் உனக்கு என்ன புள்ள செய்த? ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டாவது போயிருக்கலாமே" என்று அழுதார். இரண்டடி தள்ளி நான் நின்றேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

ராத்தாவிடமிருந்து என்னிடம் மிச்சமாயிருப்பது அவருடைய கைப்பக்குவமல்ல. அது எனக்கு வரவும் இல்லை. அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இருக்கிறது. அவரிடம் மாப்புக் கேட்கும் காலம் போய்விட்டது. சுபைதா மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவருடைய மகள் இதை அவருக்கு வாசித்துக் காட்டட்டும்.

மாமி, நான்தான் சொன்னேன்.