பென் டிரைவுக்கு வேலை வைக்கவில்லை

"வாசிப்புப் பிழைச்சால் நான் கையைத் தூக்குவன். நீங்கள் உடனே பென் டிரைவில இருக்கிற பாட்டைப் போட்டுவிடுங்கோ."

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மன்னார் நகரத்தில் ஒரு கல்யாண மண்டபம். சவுண்ட் சிஸ்டம் போட வந்த நிஸாமிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் என் மச்சாள் பத்மா. என் கணவரின் அக்கா, மணப்பெண்ணின் தாய். பிழைவிடப் போகிறவள் என்று அவர் முடிவு கட்டியிருந்தது வேறு யாரையும் அல்ல... என்னைத்தான்!

காதோடு காதாகச் சொன்னார் என்று நினைக்கிறீர்களா? மச்சாளுக்கு மெதுவாகப் பேசவே வராது. நான் பக்கத்திலேயே, பட்டுச்சேலையும் கட்டி, கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் அவர் மகள் கவிதா செய்த வேலை. "நாங்கள் மேடைக்கு வரேக்க நீங்கள்தான் மாமி ஜாஸ் வாசிக்கவேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீடு கொழும்பு. வந்திருந்த கூட்டமும் பெரிது. சபையில் மானம் போய்விடுமோ என்று மச்சாளுக்குப் பயம். உண்மையைச் சொன்னால், எனக்கும்தான்.

ஏனென்றால் நான் ஜாஸ் பழகத் தொடங்கியதே ஐம்பத்தொரு வயதில். உயிலங்குளத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி வயல். உள்ளே, பியானோ போலவே முழு நீளத்துக்குக் கட்டைகள் வைத்த ஒரு கீபோர்ட். சொல்லித்தருகிறவள் ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி மகள் மதுரா. வகுப்பு வீடியோவில்.

மச்சாள் ஒருநாள் நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "இதென்ன, தாளம் ஒரு பக்கம் போகுது, பாட்டு இன்னொரு பக்கம் போகுது?" என்றார்.

"ஜாஸ் எண்டால் அப்பிடித்தான் மச்சாள்."

"ம்... ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்!"

இப்படிக் கேட்ட பிறகு விட்டுவிடுவேனா நான்?

ஆனால் ஜாஸில் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. முதலில் பாட்டின் மெட்டை வாசிக்கவேண்டும். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிறகு மெட்டை விட்டுவிட்டு, இடக்கை அதே வழியில் நடந்துகொண்டிருக்க, வலக்கை அந்த நேரத்தில் தோன்றுவதைப் புதிதாக வாசிக்கவேண்டும். கடைசியில் பத்திரமாக மெட்டுக்குத் திரும்பி வரவேண்டும்.

தோன்றுவதையா? எனக்கு என்ன தோன்றும்? முப்பது வருஷம் கணக்கு ரீச்சராக இருந்தவள் நான். பாடமாக்கு, ஒப்புவி, மார்க்ஸ் எடு. எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஆகவே, 'தோன்றுவதை'யும் பாடமாக்கிவிட்டேன்!

மதுரா இரண்டாம் கிழமையே பிடித்துவிட்டாள்.

"மாமி, போன கிழமையும் இதைத்தானே வாசிச்சனீங்கள்?"

"ஓம். நல்லா வந்ததெல்லே?"

"ஒரு இடமும் மாறேல்ல. பாடமாக்கினீங்களோ?"

"பின்னை? பிழைக்காமல் வாசிக்கவேண்டாமே?"

அவள் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. "மாமி, பிழைக்கப் பயந்தால் இது வராது. பக்கத்தில என்ன கேக்குதோ அதுக்குப் பதில் சொல்லுங்கோ. பத்மா அன்ரியோட சண்டை பிடிக்கப் போகேக்க வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டே போறனீங்கள்?"

நியாயமான கேள்வி. அதிலே எனக்கு ஒத்திகையே தேவைப்பட்டதில்லை.

ஆனாலும் கல்யாணத்துக்குப் பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். மச்சாளுக்கு முன்னால் பரிசோதனை செய்து பார்க்க எனக்கென்ன விசரா?

கவிதாவும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். தொடங்கினேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சினிமா மெட்டு. நன்றாகவே வந்தது. இடக்கை நடந்தது. மெட்டு முடிந்து, நான் பாடமாக்கிய 'புதிய' பகுதிக்குள் நுழைந்தேன். அதில் ஓரிடத்தில் வலக்கை சற்று மூச்சுவிடும். அந்த இடைவெளியில்...

"ஈஈ... ஆ!"

கழுதை! மன்னார்ப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு சொல்: எங்கள் நகரத்தில் கழுதைகள் தங்கள் பாட்டுக்குத் திரியும். பஸ்காரரே ஹோர்ன் அடித்துக் களைத்துப்போய் வழிவிடுவார். மண்டபத்தின் பின்பக்கம் வாழையிலைகளைக் குவித்திருந்தார்கள். காற்றுக்காக ஜன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. வேறென்ன வேண்டும்?

மண்டபமே வெடித்துச் சிரித்தது. என் தலைக்குள் இருந்ததெல்லாம் அந்த நிமிஷமே துடைத்துவிட்டதுபோல் போய்விட்டது. அடுத்தது என்ன? ஒன்றும் இல்லை. இடக்கை மட்டும் பழக்கதோஷத்தில் நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சாளின் கை மேலே போய்க்கொண்டிருந்தது. நிஸாமின் விரல் பொத்தானில்.

"ஈஈ... ஆ!" இரண்டாம் தரம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வருஷப் பாடு! ஆரடா நீ, என்ர கச்சேரியில வந்து கத்துறதுக்கு? வாய்விட்டுச் சொல்லவில்லை. கை சொன்னது. மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை. ஈஈ... ஆ. கழுதையின் சுருதியிலேயே!

அது விட்டுக்கொடுக்குமா? மறுபடி கத்தியது. நானும் மறுபடி சொன்னேன், இந்தத் தடவை நடுவில் இரண்டு சுரம் கூடச் சேர்த்து. சிரிப்பு கைதட்டலாக மாறியது. கழுதை ஒன்று, நான் ஒன்று. நிஸாம் பொத்தானிலிருந்து விரலை எடுத்து, என் சத்தத்தைக் கூட்டிவிட்டு, மேசையில் தாளம் போடத் தொடங்கினார்.

வாழையிலை கிடைத்ததோ என்னவோ, கழுதை நிறுத்திவிட்டது. நான் நிறுத்தவில்லை. கழுதையின் அந்த இரண்டு சுரத்தையும் ஏற்றினேன், இறக்கினேன், உடைத்தேன், அழவைத்தேன், ஓடவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் பயமே இல்லை! கவிதா அத்தனை நகையோடும் தோளை ஆட்டிக்கொண்டு வந்தாள். அவள் மேடைப் படியில் கால் வைக்க, நான் மெட்டுக்குத் திரும்பி வந்து முடித்தேன்.

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. சொல்ல வெட்கமில்லை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பாடமாக்காத ஒன்றை என் கை வாசித்தது அன்றைக்குத்தான்.

நிஸாம் கிட்ட வந்து சொன்னார்: "அக்கா, அவங்க கையைத் தூக்கினதைக் கண்டனான். போட மனம் வரேல்ல."

வீடியோவை மதுராவுக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "முதல் பாதி பாடமாக்கினது மாமி. கழுதை வந்தாப் பிறகு... ஜாஸ்!"

நேர்முகப் பரீட்சைக்குப் போகிறோம், சம்பந்தம் பேசப் போகிறோம்... எல்லா இடத்துக்கும் பதிலைப் பாடமாக்கிக்கொண்டுதான் போகிறோம். அங்கே போனால் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஏதோ ஒரு கழுதை கத்துகிறது. அதற்குப் பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, இல்லையா?

நேற்று மச்சாள் போன் எடுத்தார். அன்றைக்குத் தூக்கிய கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சின்னவளுக்கும் பேசி முடிச்சாச்சு. தை மாசம் கலியாணம். நீதான் வாசிக்கவேணும்" என்றார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, மெதுவான குரலில் கேட்டார்:

"அந்தக் கழுதையும் வருமோ?"

"சொல்ல ஏலாது மச்சாள்" என்றேன். "சொல்ல ஏலுமெண்டால் அது ஜாஸ் இல்லை."