ஐந்து போத்தல் மருந்து

அப்பா. அம்மா. அண்ணன். நான். தங்கச்சி.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எவர் கேட்டாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் உத்தரவு. வாய்ப்பாடு மாதிரி எங்கள் மூவரையும் சொல்ல வைத்துப் பார்ப்பார். எனக்கு வாய்ப்பாடு வராது. இது வந்தது.

வரிசையில் இல்லாதவர் மாமா. அம்மாவின் தம்பி. அம்மா தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அக்காவைப் பார்க்க வந்த மாமா, விசிட் பாஸ் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வேலை இல்லை. இங்கே சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக்கு மாவு பிசைந்தார். முதலாளி பாஸைப் பற்றிக் கேட்காதவர். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் நானும் மாமாவும் ஒரே பாயில் படுப்போம். அவர் மேல் எப்போதும் மாவு வாசம் இருக்கும்.

சீருடை போட்டவன் எல்லாம் கவர்மெண்டு என்பார் அப்பா. கவர்மெண்டு ஆள் மிரட்டிக் கேட்க மாட்டான், இனிக்க இனிக்கத்தான் கேட்பான், மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லி வைத்திருந்தார். அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர்.

நான் நாலாம் வகுப்பு. பள்ளிக்குச் சுகாதார வேன் வரும். அதில் மிஸ்ஸி வருவார். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். கண், காது, தலை, நகம் எல்லாம் பார்ப்பார். ஊசி இல்லாத நாள் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு பாடம் போய்விடும்.

அந்தத் தடவை கையை விரிக்கச் சொன்னார். விரல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்கு முன்னால் நின்றவன் என் பக்கத்து நாற்காலிக்காரன். அவனை ஓரமாக நிற்கச் சொன்னார். அடுத்து என்னை. கடைசியில் ஏழெட்டுப் பேர் ஓரத்தில் நின்றோம். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் எங்களுக்குச் சொறிநாய் சங்கம் என்று பேர் வைத்தான். அதிகம் சொறிந்தவன் நான் என்பதால் தலைவர் பதவி எனக்குக் கிடைத்தது. பள்ளியில் எனக்குக் கிடைத்த பதவி அது ஒன்றுதான்.

மிஸ்ஸி தமிழர். ஒவ்வொருவரையும் மேசைக்குக் கூப்பிட்டு, வீட்டில் யார் யார் என்று கேட்டார். நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கேட்டதும் பதில் சொல்கிறானே என்று டீச்சருக்கே ஆச்சரியம். மிஸ்ஸி ஐந்து போத்தல் எடுத்து வைத்தார். பால் மாதிரி வெள்ளை மருந்து. ஆளுக்கு ஒன்று. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூச வேண்டும்.

"அரிக்காதவங்களும் பூசணும் தம்பி. எல்லாரும் ஒரே நாள்ல. ஒருத்தர விட்டாலும் திரும்ப வந்துரும்" என்றார்.

வீட்டில் வந்து அதைச் சொன்னேன். யார் கொண்டுவந்த சொறி என்று பேச்சு வந்தது. ஊரிலிருந்து வந்தவன்தான் கொண்டுவந்திருப்பான் என்றார் அப்பா. வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தலைவர் பதவியைப் பற்றியும் சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோரையும் நிற்க வைத்து அம்மா மருந்து பூசினார். எரிந்தது. கையைத் தூக்கிக்கொண்டு வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றோம். தங்கச்சி அழுதாள். அண்ணன் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தான். அம்மா தன் போத்தலில் பாதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மாமாவிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாம்க்கா. புள்ளைங்களுக்குப் பூசு."

அம்மா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. மாமா வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி அணைந்து கிடந்தது.

அரைப் போத்தல் இரண்டு பேருக்குமே போதவில்லை. கொஞ்ச நாளில் மாமாவுக்குத் திரும்ப வந்தது. அம்மாவுக்கு வந்தது. பாயில் பக்கத்தில் படுக்கும் எனக்கும் வந்தது. மாமாவால் கிளினிக் போக முடியாது. அடையாள அட்டை கேட்பார்கள். அப்பா கந்தகச் சோப்பு வாங்கிக் கொடுத்தார். அது கேட்கவில்லை. மிஸ்ஸி கொடுத்த மருந்தையே கடையிலும் வாங்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மாவும் உப்புத்தண்ணீரும் பட்டு மாமாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணானது. முதலாளி பார்த்துவிட்டார். இந்தக் கையை மாவில் வைக்காதே, மாசக் கடைசிக்குள் ஆறினால் வா, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அதிலிருந்து மாமா காலையில் எழுந்ததும் வாசல் வெளிச்சத்தில் கையை விரித்துப் பார்ப்பார்.

"மாப்ள, இன்னிக்குக் கொறஞ்சிருக்கா பாரு."

குறைந்திருக்கிறது என்பேன். குறைந்திருக்காது.

மாசம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வேன் மறுபடி வந்தது. சங்கத்தில் மற்றவர்களுக்கு எல்லாம் ஆறிவிட்டது. எனக்கு மட்டும் ஆறவில்லை. மிஸ்ஸி என் கையைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். எல்லோரும் பூசினீர்களா என்றார். பூசினோம் என்றேன். எத்தனை பேர் என்றார். ஐந்து என்றேன். இராத்திரி உன் பக்கத்தில் யார் படுப்பது என்றார். இதற்கு அப்பா பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் விரல் இடுக்கைச் சொறிந்தேன்.

மிஸ்ஸி வேறு எதுவும் கேட்கவில்லை. போத்தல்களை எண்ணி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். பையை என் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணு கூடுதலா இருக்கு லா. கொண்டு போ. யாருக்குன்னு நான் கேக்க மாட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னார். இனிக்க இனிக்கச் சொன்னார். எனக்கு அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. இதுதான் அது என்று நினைத்தேன். எடுத்தால் மாட்டிக்கொண்டோம். பையில் கையை விட்டு ஒரு போத்தலை வெளியே எடுத்து மேசையில் அவர் முன்னால் வைத்தேன்.

"நாங்க அஞ்சு பேருதான் மிஸ்ஸி."

டீச்சர் பக்கத்தில் இருந்தார். நல்ல பிள்ளை, நாணயமான பிள்ளை என்றார். மிஸ்ஸி சிரிக்கவில்லை. போத்தலை உடனே எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. நான் வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மேசையில் அது அப்படியே இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். எப்படித் தப்பித்தேன் என்று எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டினேன். அப்பா என் முதுகில் தட்டினார். கெட்டிக்காரன் என்றார். அப்பா என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சத்தம் நின்றது. அவர் திரும்பவில்லை. மாமா கையை முழங்காலுக்கு நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள இருக்க எனக்கென்னடா பயம்" என்று சிரித்தார்.

அன்று மருந்து பூசும்போது கிண்ணம் எடுக்க அம்மா அடுக்களைக்குப் போனார். மாமா அதற்கு முன்பே வெளியே போய்விட்டார். எல்லோரும் பூசி முடித்த பிறகுதான் வந்தார். வந்து முன்னறையில் படுக்கவில்லை. கொல்லையில் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டார். நான் பாயில் தாராளமாகப் புரண்டேன்.

மாசம் முடிந்தது. கடையில் வேறு ஆள் வந்துவிட்டான். மாமா ஃபெரி ஏறி அந்தப் பக்கம் போனார். ஏதோ தோட்டத்தில் வேலை இருக்கிறதாம், பாஸ் கேட்க மாட்டார்களாம். போகும்போது கையை வீசிக் காட்டவில்லை. பாக்கெட்டுக்குள் வைத்திருந்தார். அங்கேயும் நிலைக்கவில்லை. அடுத்த வருஷம் ஊரிலிருந்து போன் வந்தது. பாஸ் இல்லை என்று பிடித்து வைத்திருந்து, ஊருக்கே அனுப்பிவிட்டார்களாம். கை எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டார். பதில் என்னவென்று எனக்குக் கேட்கவில்லை.

மாமா போனபின் வீட்டில் ஒருவருக்கும் அரிக்கவில்லை. பார்த்தாயா, அவன் கொண்டுவந்ததுதான் என்றார் அப்பா. அம்மா மாமா படுத்த பாயைக் கழுவிக் காயப் போட்டார். வெகு நாள் அதை மடிக்காமல் விட்டிருந்தார்.

நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். இப்போது ஃபெரிக்கு அந்தப் பக்கம், பிறையில் லாரி ஓட்டுகிறேன். போன மாசம் என் மகளின் பள்ளிக்கு மிஸ்ஸி வந்திருக்கிறார். வீட்டில் யார் யார் என்று கேட்டாராம். மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். நான் தட்டை விட்டு எழுந்துவிட்டேன்.

அந்த மிஸ்ஸியை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். நாங்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கையை விடுமுன் அந்தப் பையில் இருந்த போத்தல் ஆறு.